அறுபதைத் தாண்டியவர்களுக்கு மனச்சோர்வு மருந்து

2012 மார்ச்சில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் சிட்டலோபிராம் என்ற மருந்துக்கு ஒரு வயதுக் கோடு போட்டது. மனச்சோர்வுக்குப் பல நாடுகளில் எழுதித் தரப்படும் மருந்து அது. நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்குமேல் யாருக்கும் தரக் கூடாது, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 20 மில்லிகிராமே உச்சவரம்பு என்றது அறிவிப்பு. அளவு கூடினால் இந்த மருந்து இதயத் துடிப்பின் மின்சுற்றைத் தாமதப்படுத்தும். ஈசிஜி எடுத்தால் அந்தத் தாமதம் தெரியும். எல்லை மீறிப் போனால் துடிப்பே தாறுமாறாகிவிடும். 60 வயதுக்காரர் விழுங்கும் 20 மில்லிகிராம், அவர் உடம்புக்குள் போனபின் இளைஞருக்குக் கிடைப்பதைவிடக் கூடுதல் மருந்தாக நிற்கிறது என்பதுதான் இந்தப் பாதி அளவுக்கு அடிப்படை. பிரிட்டனிலும் இதே நிலைதான். இந்தியாவில் இன்று பரவலாக எழுதப்படும் எஸ்சிட்டாலோபிராமுக்கு, 65 வயதுக்குமேல் 10 மில்லிகிராம்தான் பிரிட்டனில் உச்சவரம்பு.

இதைப் படித்ததும் பல குடும்பங்களுக்கு முதலில் வருவது பயம். “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?” என்று மருந்துச் சீட்டை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். வேறு சில வீடுகளில் நடப்பது இன்னொரு விதம். டாக்டர் தொடக்கத்துக்கென்று எழுதிய 5 மில்லிகிராம் மாத்திரையை, மறுபடி அவரைப் பார்க்காமலே, மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி இரண்டு வருடம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அம்மா இன்னும் மூலையில்தான் உட்கார்ந்திருப்பார். “மாத்திரை சாப்பிட்டும் ஒண்ணும் ஆகலை” என்று முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டுமே தவறு. இரண்டாவது தவறுதான் அதிகம் கவனிக்கப்படாதது. முதியவர்களுக்கு மருந்தைக் குறைவாகத் தொடங்க வேண்டும் என்பது எவ்வளவு உண்மையோ, அந்தக் குறைந்த அளவிலேயே நின்றுவிடக் கூடாது என்பதும் அவ்வளவு உண்மை.

உள்ளே போன மருந்து என்ன ஆகிறது

மனச்சோர்வு மருந்துகளில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது. வயது ஏறஏறக் கல்லீரல் சிறுக்கிறது, அதற்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் பலருக்கு நாற்பதிலிருந்தே மெல்ல மெல்ல இறங்குகிறது. உடம்பில் நீரும் தசையும் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. இந்த மருந்துகளோ கொழுப்பில் கரைபவை. ஆகவே அவை உடம்பில் தங்கும் காலம் நீள்கிறது. இளைஞரின் ரத்தத்தில் சிட்டலோபிராம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 35 மணி நேரம் பிடிக்கும். 60 வயதைக் கடந்தவர்களிடம் இந்த நேரம் 30 முதல் 50 சதவீதம்வரை கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தமிழ்க் குடும்பங்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. சிட்டலோபிராம், எஸ்சிட்டாலோபிராம் இரண்டையும் உடைப்பதில் சிஒய்பி2சி19 என்ற கல்லீரல் நொதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பரம்பரையாகவே சிலருக்கு இந்த நொதி மந்தமாக வேலை செய்யும். புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தமிழர்களிடையே இதைச் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். நொதியை முடக்கும் மரபணு வகை ஐரோப்பியர்களிடம் இருப்பதைவிட இங்கே வெகு அதிகமாக இருந்தது. போதாக்குறைக்கு, நம் வீடுகளில் வெறும் வயிற்றில் போடும் ‘காஸ் மாத்திரை’ இருக்கிறதே, அதில் ஒமிப்ரசோல் இருந்தால் அதுவும் இதே நொதியைத் தடுக்கும். 70 வயது, மந்தமான நொதி, தினமும் ஒரு ஒமிப்ரசோல் என்று மூன்றும் சேர்ந்த ஒருவருக்கு 10 மில்லிகிராம் எழுதினால், அவர் உடம்பு அதைப் பத்தாக மட்டும் உணராது. மரபணுச் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. காஸ் மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்வது எல்லோருக்கும் தேவை.

பழைய மருந்துகளில் வேறு வகைச் சிக்கல். இமிப்ரமின்தான் அந்த வரிசையில் முதலாவது. சுவிட்சர்லாந்தின் மியூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்ற மனநல மருத்துவர் அதன் பலனைக் கண்டு 1957இல் வெளியிட்டார். அதே குடும்பத்தைச் சேர்ந்த அமிட்ரிப்டிலின் இன்றும் நம் ஊரில் ஒற்றைத் தலைவலிக்கும், சுகர் நோயாளிகளின் கால் எரிச்சலுக்கும் 10 மில்லிகிராமாக எழுதப்படுகிறது. இந்த வகை மருந்துகள் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தியைத் தடுக்கும். 30 வயதுக்காரருக்கு அதனால் வாய் வறளும், அவ்வளவுதான். 75 வயதுக்காரருக்கு மலச்சிக்கல் முற்றும். புராஸ்டேட் வீங்கியிருந்தால் சிறுநீரே வராமல் அடைத்துக்கொள்ளும். சில வகை கண் அழுத்த நோய் திடீரெனக் கூடும். இரவில் எழுந்து, இறந்துபோன தன் அண்ணனோடு பேசிக்கொண்டிருப்பார். குடும்பம் அதை ‘மறதி நோய்’ என்று நினைத்துக்கொள்ளும். புதிய மருந்துகளில் பராக்சிடினுக்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டு. அதனால் முதியோருக்கு அது முதல் தேர்வாக இருப்பதில்லை. பழைய வகையே தேவைப்பட்டால் நார்ட்ரிப்டிலின் ஓரளவு தாங்கக்கூடியது, ரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துப் பார்க்கவும் முடியும்.

பலன் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் இளம் வயதில் கிடைப்பதுபோல் எல்லோருக்கும் சுலபமாகக் கிடைக்காது.

60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த 10 சோதனைகளை ஒன்றுசேர்த்து 2008இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களில் 44 சதவீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 35 சதவீதம். வித்தியாசம் ஒன்பது, பத்து சதவீதம்தான். குறைவாகத் தெரிந்தாலும் அந்த ஆய்வுக்குள்ளேயே ஒரு தகவல் இருக்கிறது. 6 முதல் 8 வாரத்தில் முடிந்த சோதனைகளைவிட, 10 முதல் 12 வாரம் நடந்த சோதனைகளில் மருந்தின் பலன் தெளிவாகவே கூடுதலாக இருந்தது. அதாவது, முதிய மூளை மருந்துக்கு இசையும், சற்று அவகாசம் கேட்கும்.

யாருக்கு நன்றாகப் பலிக்கிறது என்பதிலும் எதிர்பாராத விஷயம் ஒன்று உண்டு. 2013இல் வந்த ஒரு மறுபகுப்பாய்வில், பத்து வருடத்துக்குமேல் விட்டுவிட்டு மனச்சோர்வு வந்து, இப்போதும் கடுமையாக இருப்பவர்களுக்கு மருந்து மிக நன்றாக வேலை செய்தது தெரிந்தது: 58 சதவீதத்தினருக்கு முன்னேற்றம், வெற்று மாத்திரைக்கு 31 சதவீதம். “முப்பது வருஷமா இருக்கிற வியாதி, இனி என்ன சரியாகப்போகுது” என்று குடும்பம் கைவிட்டவர்தான், மருந்தால் பயனடையும் வாய்ப்பு அதிகம் உள்ளவர் என்று பொருள். இந்தத் தகவல் இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

மருந்து அவ்வளவாகப் பிடிக்காத ஒரு வகையும் இருக்கிறது. அதுவரை மனச்சோர்வே வராத ஒருவருக்கு 65, 70 வயதில் முதல்முறையாக வருவது. இவர்களில் பலருக்கு நீண்டநாள் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம் என்று ஏதேனும் இருந்திருக்கும். எம்ஆர்ஐ எடுத்தால் மூளையின் உட்பகுதியில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். சிறுசிறு ரத்தக் குழாய்கள் காலப்போக்கில் பழுதானதன் தடயம் அது. நியூயார்க்கில் முதியோர் மனநல ஆய்வில் ஈடுபட்டிருந்த ஜார்ஜ் அலெக்சோபுலஸும் அவரது குழுவினரும் இதை ‘ரத்தக்குழாய் மனச்சோர்வு’ என்று 1997இல் தனியாக வகைப்படுத்தினார்கள். இதன் அறிகுறி அழுகையோ புலம்பலோ அல்ல. ஆர்வம் அற்றுப்போதல், எதையும் தொடங்க முடியாமை, ஒரு வேலையின் படிகளை வரிசைப்படுத்த முடியாமை. முப்பது வருடம் பொங்கல் வைத்தவர் குக்கர் முன்னால் நின்றுகொண்டு அடுத்து என்ன செய்வது என்று திகைப்பார். இந்தத் திட்டமிடும் திறன் குறைந்தவர்களுக்கு மருந்தின் பலன் குறைவாக இருப்பதையும், நோய் சீக்கிரம் திரும்புவதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. இவர்களுக்கு மாத்திரையோடு ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும், அன்றாட வேலைகளைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சையும் சேர வேண்டும்.

டிமென்ஷியாவோடு வரும் மனச்சோர்வில் மருந்தின் கை இன்னும் தாழ்கிறது. இங்கிலாந்தில் 326 நோயாளிகளிடம் செர்ட்ரலின், மிர்டசபின், வெற்று மாத்திரை மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2011இல் லான்செட் இதழில் வெளியானது. 13 வாரத்துக்குப் பின் மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை. பக்கவிளைவு மட்டும் மருந்து சாப்பிட்டவர்களுக்கு அதிகம். டிமென்ஷியா உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. கடுமையாக இருந்தால் டாக்டர் தருவார். ஆனால் முதல் நாளே மாத்திரையில் தொடங்க வேண்டியதில்லை என்பதற்கு இது வலுவான ஆதாரம்.

இரண்டாவது வாரம், சோடியம்

ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளலாம். முதியோர் வார்டில் வேலை பார்த்த எந்த நர்ஸும் இதைத் தெரிந்ததாகச் சொல்வார். 74 வயது அம்மா, ஒல்லியான தேகம். கணவர் இறந்தபின் சாப்பாடு குறைந்து, தூக்கம் போய், எஸ்சிட்டாலோபிராம் தொடங்கி 12 நாள் ஆகிறது. சித்திரை வெயில். காலையில் காப்பி கொண்டுபோன மருமகளைப் பார்த்து, “நீ எப்ப ஊர்லேருந்து வந்தே?” என்கிறார்.

“அத்தை, நான் இங்கதானே இருக்கேன். என்ன ஆச்சு உங்களுக்கு?”

பதில் இல்லை. எழுந்து நடக்கும்போது கால் தள்ளாடுகிறது. மதியம் இரண்டு முறை வாந்தி. மகன் அலுவலகத்திலிருந்து போனில், “மனசு சரியில்லாததாலதான் இப்படிப் பேசறாங்க. மாத்திரை இன்னும் வேலை செய்யலை போல” என்கிறார். பக்கத்து வீட்டார் வெயிலுக்கு நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார்கள். மாலையில் மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 121. இருக்க வேண்டியது 135 முதல் 145.

இங்கே நடந்தது இதுதான். செரோட்டோனினைக் கூட்டும் மருந்துகள், முதியவர்களிடம் சில சமயம் நீரை வெளியேற்றாமல் தேக்கிவைக்கும் ஹார்மோனைத் தூண்டிவிடும். உடம்பில் தண்ணீர் தங்கத் தங்க ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். இந்த நிலையில் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வது நெருப்பில் எண்ணெய் விடுவது. வீட்டிலேயே உப்புக் கரைசல், மோர் என்று சமாளிக்கப் பார்ப்பதும் நேரத்தை வீணாக்கும். சோடியம் ரொம்பவும் இறங்கினால் வலிப்பு வரலாம். அதை ஏற்றுவதும் மருத்துவமனையில் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை, வேகமாக ஏற்றினால் மூளைக்கே கேடு.

யாருக்கு இது வருகிறது? வயதானவர்கள், அதிலும் பெண்கள், எடை குறைந்தவர்கள், ஏற்கெனவே சோடியம் விளிம்பில் இருப்பவர்கள், சிறுநீரைக் கூட்டும் பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள். கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிபி மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின்னால் தனியாக ஆங்கில ‘எச்’ எழுத்து இருந்தால், பெரும்பாலும் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்திருக்கும். குளோர்தாலிடோன், இன்டபமைடு ஆகியவையும் இதே ரகம். மனச்சோர்வு மாத்திரை எழுதும் டாக்டரிடம் இந்த அட்டையைக் காட்டினால், தொடங்குவதற்கு முன் ஒரு சோடியம் சோதனையும், தொடங்கிய இரண்டாவது வாரமோ அதையொட்டியோ இன்னொன்றும் எழுதுவார். அளவைக் கூட்டும்போதும் ஒருமுறை பார்ப்பது நல்லது. சில நூறு ரூபாய்க்குள் முடியும் சோதனை இது. வயதான பெற்றோருக்கு இந்த மருந்தைத் தொடங்கும் குடும்பம் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்ய முடியும் என்றால், அது இந்தச் சோதனையாக இருக்கட்டும்.

மாத்திரைப் பையை மொத்தமாகக் கொண்டுபோவது

பல வீடுகளில் பிபிக்கு ஒரு டாக்டர், சுகருக்கு இன்னொருவர், முட்டிக்கு வேறொருவர். மூவரும் எழுதியவை ஒரே மஞ்சள் பையில் இருக்கும், ஆனால் மூவரும் அந்தப் பையைப் பார்த்திருக்க மாட்டார்கள். மனநல மருத்துவரிடம் போகும் முதல் நாள் பட்டியல் எழுதிக்கொண்டு போவதைவிடப் பையையே எடுத்துப்போவது மேல். பட்டியலில் தைலமும், சூரணமும், மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையும் விட்டுப்போகும்.

வலி மாத்திரைதான் முக்கியம். ரத்தம் உறைவதற்குத் தட்டணுக்களில் செரோட்டோனின் வேண்டும். தட்டணுக்கள் அதைத் தாமாகச் செய்துகொள்ள முடியாது, ரத்தத்திலிருந்துதான் உறிஞ்ச வேண்டும். எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூயாக்சிடின் போன்றவை இந்த உறிஞ்சலைத் தடுக்கின்றன. தனியாக இதனால் பெரிய ஆபத்தில்லை. கூடவே இதயத்துக்கு ஆஸ்பிரினும், மூட்டு வலிக்கு டைக்லோஃபினாக் அல்லது இபுபுரூஃபனும் போனால், வயிற்றுக்குள் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு ஏறிவிடும். மலம் தார்போல் கறுப்பாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டிரமடால் கலந்த வலி மாத்திரை வேறு வகையில் தகராறு செய்யும். இரண்டும் சேர்ந்து செரோட்டோனினை அளவுக்குமேல் கூட்டிவிட்டால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் என்று கிளம்பும்.

அடுத்தது தூக்க மாத்திரை. எஸ்சிட்டாலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையில் கலந்து இந்தியச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. சிலவற்றின் பெயர் ‘பிளஸ்’ என்று முடியும். முதல் இரண்டு வாரம் பதற்றம் தணிய இது உதவலாம். மாதக்கணக்கில் போனால் முதியவர் இரவில் பாத்ரூமுக்கு எழும்போது தடுமாறுவார். மனச்சோர்வு மருந்துகளே கீழே விழும் அபாயத்தைக் கூட்டுபவைதான். பிரிட்டனில் 65 வயதுக்கு மேற்பட்ட, மனச்சோர்வு உள்ள 60,746 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், பழைய வகையைவிடப் புதிய செரோட்டோனின் வகை மருந்து சாப்பிட்டவர்களிடம்தான் விழுதலும் சோடியம் குறைவும் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. பழைய வகைகள் பெரும்பாலும் சிறிய அளவிலேயே தரப்பட்டன என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். புதிய மருந்து என்றால் பத்திரம் என்ற நம்பிக்கை முழுசாகச் சரியில்லை என்பது மட்டும் உறுதி. 70 வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடமாட்டம் திரும்புவது கஷ்டம். ஆகவே மருந்து தொடங்கும் அன்றே படுக்கையிலிருந்து கழிவறைவரை இரவு விளக்கு போடுவதும், ஈரத் தரையில் வழுக்காத மிதியடி விரிப்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

எல்லா மருந்துக்கும் ஒரே குணமில்லை. சாப்பிடாமல் மெலிந்து, தூங்காமல் கிடப்பவருக்கு இரவில் தரப்படும் மிர்டசபின் பசியையும் தூக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். இதய நோயாளிகளுக்குச் செர்ட்ரலின் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. சர்க்கரையால் கால் நரம்பு வலிப்பவருக்கு டுலோக்சிடின் இரண்டு வேலையும் செய்யும், ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதாகியிருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். வென்லாஃபாக்சின் ரத்தக் கொதிப்பை ஏற்றக்கூடும்.

மருந்து தொடங்குமுன் தைராய்டும் பி12 வைட்டமினும் பார்த்துவிட வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனச்சோர்வுபோலவே இருக்கும். சுகருக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சகஜம். அது குறைந்தால் மறதியும் சோர்வும் வரும். காது சரியாகக் கேட்காமல் வீட்டுப் பேச்சிலிருந்து ஒதுங்கியவரையும் மனச்சோர்வுக்காரர் என்று நினைத்துவிடுவது உண்டு.

எவ்வளவு நாள், எவ்வளவு தூரம்

முதல் இரண்டு வாரத்தில் குமட்டல், தலைவலி, படபடப்பு வரலாம், பலன் தெரியாது. இந்த இடத்தில்தான் பலர் நிறுத்துகிறார்கள். வழக்கமான போக்கு இப்படி: எஸ்சிட்டாலோபிராம் என்றால் 5 மில்லிகிராமில் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் 10. செர்ட்ரலின் என்றால் 25இல் தொடங்கி 50, தேவைப்பட்டால் அதற்கும் மேலே. நான்காவது வாரம் டாக்டரை மறுபடி பார்க்கும்போது சொல்ல வேண்டியவை: எத்தனை மணிக்கு எழுகிறார், தட்டில் எவ்வளவு மிச்சம் வைக்கிறார், தானாகப் பேச்சைத் தொடங்குகிறாரா, கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ கிளம்பினாரா, தடுக்கி விழுந்தாரா. ‘பரவாயில்லை’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து டாக்டரால் அளவைத் தீர்மானிக்க முடியாது. முதியவரே கோடு போட்டு நிரப்பக்கூடிய கேள்வித்தாளும் இருக்கிறது. 1982இல் உருவான முதியோர் மனச்சோர்வு அளவுகோலின் 15 கேள்விச் சுருக்கம் ஆம், இல்லை என்ற பதில்களிலேயே முடிந்துவிடும். நான்கு வாரம் சரியான அளவில் சாப்பிட்டும் துளி மாற்றமில்லை என்றால் அதே வழியில் காத்திருப்பதில் பயன் குறைவு. கொஞ்சமேனும் மாற்றம் தெரிந்தால் 8 முதல் 12 வாரம்வரை பொறுக்கலாம்.

ஒன்றுக்கு இரண்டு மருந்து முயன்றும் சரியாகாதவர்களுக்கு என்ன செய்வது என்பதற்கு 2023இல்தான் பெரிய விடை ஒன்று கிடைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 60 வயதுக்கு மேற்பட்ட 619 பேரிடம் நடந்த ஆப்டிமம் ஆய்வு அது. எரிக் லென்ஸே தலைமையிலான குழு நடத்தியது. இருக்கும் மருந்தோடு அரிப்பிப்ரசோல் சேர்த்தவர்களில் 28.9 சதவீதத்தினரும், புப்ரோப்பியான் சேர்த்தவர்களில் 28.2 சதவீதத்தினரும் நோயிலிருந்து மீண்டார்கள். பழையதை நிறுத்திவிட்டுப் புப்ரோப்பியானுக்கு மாறியவர்களில் 19.3 சதவீதம்தான். ஆனால் புப்ரோப்பியான் சேர்த்துக்கொண்டவர்கள்தான் மூன்று குழுக்களிலும் அதிகம் கீழே விழுந்தார்கள். ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நோயாளியின் நடையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சாப்பிடவே மறுத்து, தண்ணீரும் இறங்காமல், ‘என் குடல் அழுகிவிட்டது’ என்பதுபோல் நம்பிக்கொண்டு கிடக்கும் கடும் மனச்சோர்வுக்கு இசிடி எனப்படும் மின்சிகிச்சை உண்டு. தமிழ் சினிமா அதைச் சித்திரவதையாகக் காட்டிக் காட்டி மனதில் பயத்தை ஊட்டிவிட்டது பெரிய அநியாயம். இன்று மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள். இளைஞர்களைவிட முதியவர்களுக்கு இது நன்றாகப் பலிக்கிறது. 2016இல் அமெரிக்காவில் 60 வயது தாண்டிய 240 பேரிடம் வென்லாஃபாக்சினோடு சேர்த்துக் கொடுத்தபோது 61.7 சதவீதத்தினர் முழுமையாக மீண்டார்கள். வயது கூடக்கூட மருந்தின் பலன் தடுமாறும் இடத்தில், வயது கூடக்கூடக் கை கொடுக்கும் சிகிச்சை ஒன்று இருப்பதைக் குடும்பத்தார் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவதற்கும், ஒருவர் தொடர்ந்து போன் செய்து விசாரிப்பதற்கும் உள்ள வித்தியாசமும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 1,801 முதியவர்களிடம் நடந்த இம்பாக்ட் ஆய்வில் (2002), பொது மருத்துவரோடு ஒரு பராமரிப்பு மேலாளரும் சேர்ந்து கவனித்தவர்களில் 45 சதவீதத்தினருக்கு ஒரு வருடத்தில் அறிகுறிகள் பாதியாகக் குறைந்தன. வழக்கமான சிகிச்சையில் 19 சதவீதம். நம் நாட்டில் கோவாவில் சங்கத் அமைப்பு நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. லேசான அறிகுறிகள் தொடங்கிய 181 முதியவர்களில் ஒரு பாதியினரிடம், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து பிரச்சினைகளைத் தீர்க்கும் வழிகளைப் பேசினார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். ஒரு வருடத்தில் முழு மனச்சோர்வுக்குப் போனவர்கள் அந்தக் குழுவில் 4.4 சதவீதம், மற்றதில் 14.4. இது தொடக்கநிலைக்கு. முற்றிய நோய்க்கு மருந்து வேண்டும்.

ஒரு கவலை மட்டும் இங்கே வெளிப்படையாகப் பேசப்பட வேண்டும். மனச்சோர்வு மருந்தால் தற்கொலை எண்ணம் கூடுமோ என்ற எச்சரிக்கை 24 வயதுவரை உள்ளவர்களுக்கானது. 65 வயதுக்குமேல் அது குறைவதையே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2007ஆம் ஆண்டு அறிவிப்பு பதிவு செய்தது. ஆனால் நோயே முதியவர்களைச் சாவை நோக்கித் தள்ளக்கூடியது. “இனி யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது” என்று சொல்வதை வயசுப் பேச்சாகத் தள்ளிவிடாமல், சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகள் மொத்தமாக விழுங்கினால் உயிர்போகும், எனவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைக்க வேண்டும். பூச்சிமருந்து வீட்டில் இருக்கக் கூடாது. அரசின் டெலி-மானஸ் எண் 14416, நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

நிறுத்துவது

முகம் தெளிந்ததும் “இனி எதுக்கு மாத்திரை” என்ற கேள்வி வரும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 70 வயதுக்கு மேற்பட்ட, பராக்சிடினும் பேச்சுச் சிகிச்சையும் பெற்றுக் குணமான 116 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் 35 முதல் 37 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 58 முதல் 68 சதவீதம். முதல்முறை வந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தியது. ஆகவே குணமான பிறகும் குறைந்தது ஒரு வருடம் தொடரும்படி முதியோருக்குச் சொல்வது வழக்கம். இரண்டு, மூன்று முறை வந்தவர்கள் அதற்கும் மேல்.

நிறுத்தும் நாள் வந்தால் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் ஓடுவதுபோன்ற உணர்வு எல்லாம் வரும். பராக்சிடின், வென்லாஃபாக்சின் இரண்டிலும் இது மோசம். நடையே தள்ளாடும் வயதில் இந்தத் தலைசுற்றல் ஒருவரைக் கீழே தள்ளிவிடும். ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்துபோவதும், ஆபரேஷனுக்கு முன் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவதும்தான் இப்படித் தெரியாமல் நின்றுபோக முக்கியக் காரணங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். அளவை இறக்கும் மாதங்களில் தூக்கம் மறுபடி கெட்டாலோ தட்டில் சோறு மிச்சமானாலோ, முந்தைய அளவுக்குத் திரும்புவதா என்று அதே வாரம் டாக்டரைக் கேட்டுவிட வேண்டும்.